ஸ்தனிஸ்லாஸின் ஆறு வருஷப் பத்திரம்

அத்தியாயம் பன்னிரண்டு

2-11-88, புதன்கிழமை. கல்லறைத் திருநாள். இன்று என்னால் ஒரு பிழை நடந்தது. பூசையில் வாசிப்பதற்காக எங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை நேற்றே எழுதிக் கொடுத்திருந்தேன். அப்பாவுடன் பிறந்தவர்களை வயது வரிசையில் எழுதிக்கொண்டு வந்தபோது, காலமான மரியசூசை பெரியப்பாவோடு நிறுத்தாமல் ஸ்தனிஸ்லாஸ் சித்தப்பாவின் பெயரையும் எழுதிவிட்டேன். சித்தப்பா உயிரோடு இருக்கிறார். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ராஜமேரி பேனாவை மூடி வைத்தாள்.

மொரப்பூரில் மாலை வகுப்பு நடத்தும் டைப்ரைட்டிங் வாத்தியார் சொல்லிக் கொடுத்த முறை இது. முதலில் அன்றைய பிழை, அது எப்படி நேர்ந்தது, கடைசியாக மறுநாள் செய்ய வேண்டிய வேலை. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவள் இந்த முறையை மீறியதில்லை. சரியாகத்தான் எழுதுகிறோமா என்ற சந்தேகமும் அவளை விட்டதில்லை.

இன்று எழுத முடியாமல் நின்றது ஒன்று இருந்தது. அது பிழையா, யாருடைய பிழை என்று அவளுக்குத் தெரியவில்லை.

காலைப் பூசையில் சாமியார் ஒவ்வொரு வீட்டுப் பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் பெயரைச் சொல்லி, பிலவேந்திரன் குடும்பம் என்றார். தாத்தா பெயர் வந்தது, மரியசூசை வந்தது, அதே குரலில் ஸ்தனிஸ்லாஸும் வந்தது. பெண்கள் பக்கம் முக்காடு போட்டு முழந்தாளில் இருந்த ராஜமேரி சட்டென்று நிமிர்ந்தாள். அம்மா மதலேனம்மாள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

ராஜமேரி ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா அப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

இறந்தவர்களோடு தன் பெயரும் வாசிக்கப்பட்டால் ஒரு மனிதன் திடுக்கிடுவான். அல்லது சிரிப்பான். குறைந்தபட்சம் பக்கத்தில் இருப்பவன் முகத்தையாவது பார்ப்பான்.

சித்தப்பா இதில் எதையும் செய்யவில்லை. தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணீர் வழிந்து தாடிக்குள் இறங்கியது. வேறு யாருக்காகவோ வேண்டிக்கொள்கிறவர் மாதிரி இருந்தார்.

அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. பீடத்தைப் பார்த்தபடி, கோயிலில் இருந்த எல்லோரையும்விடச் சத்தமாகப் பதில் ஜெபம் சொன்னார்.

சித்தப்பா வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. மொரப்பூர் ஸ்டேஷனுக்கு ஊரில் பாதிப் பேர் போயிருந்தார்கள். ராஜமேரி பிறப்பதற்கு முன்பே கப்பல் ஏறி, சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, ஒருதரம்கூட ஊர் திரும்பாதவர். பிளாட்பாரத்தில் அப்பா அவரைக் கட்டிப் பிடித்தார். வண்டி கிளம்பிப் போன பிறகும் பிடியை விடவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு பத்திரம். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் அந்த நாட்டுப் பணத்தை அனுப்பினால், அதை ரூபாயாக்கி அரசாங்கம் கடனாக வாங்கிக்கொண்டு கொடுத்த ஆறு வருஷப் பத்திரம். எண்பத்திரண்டில் சித்தப்பா பத்தாயிரம் வெள்ளி அனுப்பினார். சிங்கப்பூர் டாலரை அங்கே இருப்பவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். வந்த பத்திரத்தை அம்மா தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். போன மாதம் தவணை முடிந்தது.

கோயில் வாசலிலேயே பக்கத்து வீட்டு ராயம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி மேரி, வந்த மனுசன் பணத்தோட திரும்பிப் போயிடுவாருன்னு முன்னாடியே பூசை வெச்சு அனுப்பப் பாக்கறியா?"

"தெரியாம எழுதிட்டேனுங்க."

"பேங்க் பரீச்சை எழுதப் போற புள்ள. உசுரோட இருக்கறது யாரு, போனது யாருன்னு தெரியல."

அம்மா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்துச் சித்தப்பாவைச் சுற்றி அடுப்பில் போட்டாள். அது வெடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"போச்சு தம்பி. எல்லாம் போச்சு. சாமியாருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வைவாரு."

"சரிங்க அண்ணி," என்று சித்தப்பா சிரித்தார். சிரித்தபடியே உள்ளே போனவர் நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

வந்த நாளிலிருந்து அப்படித்தான். பழைய வீட்டின் நிலை மிகவும் தாழ்வு. அதை இடித்துவிட்டு ஆள் கையைத் தூக்கினாலும் இடிக்காத உயரத்துக்குப் புது நிலை வைத்தாகிவிட்டது. ஆனாலும் சித்தப்பா ஒவ்வொரு தரமும், இல்லாத அந்தப் பழைய நிலைக்குக் குனிந்தார்.

"பாத்தியா, எத்தன வருசமானாலும் ஒடம்புக்கு வூடு மறக்கல," என்று அம்மா அக்கம்பக்கமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

மத்தியானம் கோழிக் குழம்பு. அப்பா ரசம் மட்டும் விட்டுக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது போஸ்ட்மாஸ்டர் சென்னப்பன் சைக்கிளில் வந்தார். தூறலுக்குத் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தார்.

"கலெக்டரு மாதிரி குல்லா போட்டு வர்றீங்க," என்றாள் அம்மா.

"முடி போனவனுக்குத்தான் மழையோட அரும தெரியுமுங்க." சென்னப்பன் உட்கார்ந்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. பணத்துக்குச் சொல்லி வெச்சுட்டேன். நீங்க போட்டது நாப்பத்தஞ்சாயிரம். இப்ப தொண்ணூறு. கவர்மெண்டு வாக்கு சுத்தமுங்க."

சித்தப்பா ராஜமேரியைப் பார்த்தார். "வெள்ளில எவ்வளவு பாப்பா வரும்? இருபதாயிரமா?"

அவள் நேற்றே கணக்குப் போட்டிருந்தாள். தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டிருந்தாள். விடை மாறவில்லை.

"பன்னெண்டாயிரம் சித்தப்பா."

"பத்து ரெண்டு மடங்கானா இருபதில்ல?"

"அப்ப ஒரு வெள்ளிக்கு நாலரை ரூபா. இப்ப ஏழரை ரூபா குடுத்தாத்தான் ஒரு வெள்ளி கெடைக்கும்."

 கூரையிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப எட்டாயிரம் வெள்ளி எங்க போச்சு?"

 அவர் அறையின் மூலையில் இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார்.

"பொட்டி பூட்டியேதான் இருந்துச்சுங்களா அண்ணி?"

"சாவி என் இடுப்ப விட்டு எறங்குனதே இல்ல தம்பி. குளிக்கறப்பகூட."

"பூட்டு ஒடையல. பத்திரத்துல எலி கடிச்ச எடம்கூட இல்ல. ஆனா உள்ள இருந்தது போயிருக்குது. ஆறு வருசமா தெனமும் கொஞ்சம் கொஞ்சமா எவனோ வந்து எடுத்துட்டுப் போயிருக்கறான். உங்க யாரு கண்ணுக்கும் தெரியல."

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பார்வையும் பெட்டியின் மேல் போய் நின்றது.

"யாரும் எடுக்கலீங்க," என்றார் சென்னப்பன், கொஞ்சம் பதறி. "கவர்மெண்டு ரூபாயாத்தான் வாங்குச்சு, ரூபாயாத்தான் குடுக்குது. அதுல ஒரு பைசா கொறையல. அந்த ரூபாய் கடல் தாண்டறப்ப எளச்சுப் போவுது. அவ்வளவுதான். ஜப்பான்காரன், வெள்ளக்காரன் எல்லாம் நம்ம கவர்மெண்டுக்குக் கடன் குடுத்தா டாலரா குடுத்து டாலராத் திருப்பி வாங்கிக்குவானாம். எளச்சா அது நம்ம தலைவலி. ரூபாய நம்பி ரூபாயிலியே போட்டது உங்கள மாதிரி ஆளுங்கதான். எளப்பும் உங்க தலையிலதான்."

"நானு ரூபாய நம்பலீங்க," என்றார் சித்தப்பா மெதுவாக. "ஒரு ஆளத்தான் நம்பினேன்."

அப்பாவின் கை சொம்பின் மேல் அப்படியே நின்றது. அண்ணனைத்தான் சொல்கிறார் என்று ராஜமேரி நினைத்துக்கொண்டாள்.

சென்னப்பன் பேச்சை மாற்றினார். "இன்னொரு சங்கதி. அன்னிக்கு நீங்க போட்டனுப்புன கையெழுத்தும், இப்ப போடறதும் ஒத்துப் போகல. பட்டறையில வெரல் நசுங்கிடுச்சுன்னீங்க, சரி. பாஸ்போர்ட்டு போட்டோவப் பாத்தா தாடியும் மீசையுமா எந்தச் சாமியாருக்கும் பொருந்தும். அதனால உங்களத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். பிலவேந்திரன் நாமினி. அவரு போடக்கூடாது. பாப்பா போடட்டும்."

"நானுங்களா?"

"இவர் ஸ்தனிஸ்லாஸ்தான், எனக்குத் தெரியும்னு எழுதி ஒரு கையெழுத்து. இன்னொரு ஆளு நாளைக்குப் பாத்துக்கலாம்."

"சித்தப்பா போனப்ப நானு பொறக்கவே இல்லீங்களே."

"உங்கப்பன் சொல்றாரில்ல? போதும்." சென்னப்பன் எழுந்து பையைத் தலையில் மாட்டினார். "பாருங்க வேடிக்கைய. ஆளு செத்துப் போயிருந்தா எனக்கு வேல சுலபம். நாமினி கையில தொண்ணூறாயிரத்தயும் குடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன். உசுரோட இருக்கறதுக்குத்தான் இத்தன சாட்சி கேக்கறாங்க."

அவர் சொன்னதற்கு அம்மா மட்டும்தான் சிரித்தாள்.

சாயங்காலம் தூறல் விட்டிருந்தது. ஊரே கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. காற்றில் அணையாமலிருக்க மெழுகுவத்திகளைத் தேங்காய்ச் சிரட்டைக்குள் நட்டிருந்தார்கள். மேட்டுக்கு மேடு சிவப்பும் மஞ்சளுமாக வெளிச்சம் ஆடியது. பொரியும் சாமந்திப் பூவும் ஈர மண்ணில் கிடந்தன. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வந்தார்.

பெரியப்பா கல்லறையில் அம்மா ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தாள். ராஜமேரி சித்தப்பாவைத் தேடினாள்.

அவர் வேலியோரம், சப்பாத்திக்கள்ளிப் பக்கம் தனியாக நின்றிருந்தார். கையில் ஏற்றாத மெழுகுவத்தி. அங்கே கல்லறை எதுவும் கிடையாது. புல் மட்டும்தான்.

"அது வெறும் நெலம் சித்தப்பா. அங்க யாரும் இல்ல."

"தெரியும் பாப்பா. அதான் இங்க வந்தேன்."

காலையிலிருந்து நெஞ்சில் கிடந்ததை அவள் சொல்லிவிட்டாள். "பூசையில உங்க பேரத் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தாடிக்கு மேல் கண்கள் இரண்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஈரமாக இருந்தன.

"நீ தப்பா எழுதல."

பின்னால் ஜெபமாலைச் சத்தம் ஏறி இறங்கியது.

"ஸ்தனிஸ்லாஸ் போயி ரெண்டு வருசமாவுது," என்றார் அவர். "பட்டறையில கப்பலோட எண்ணெய்த் தொட்டியக் கழுவற வேல. அன்னிக்கு என் மொறை. எனக்குக் காய்ச்சல். போகலைன்னா சீட்டக் கிழிச்சுடுவாங்க. என் பேரு போட்ட பாஸச் சட்டையில குத்திக்கிட்டு அவன் போனான். ரெண்டு பேரும் தாடி. கம்பெனிக்காரனுக்கு நாங்க எல்லாம் ஒரே மூஞ்சிதான். உள்ள புகை கட்டியிருந்துச்சு. மேல தூக்கறப்ப மூச்சு இல்ல."

ராஜமேரி அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாஸுல இருந்த பேரத்தான் எழுதுனாங்க. காகிதத்துல செத்தது நான். அவன் மேல இருக்கற கல்லுல என் பேருதான் இருக்குது. நானு அவன் பேருல வேல செய்யறேன், அவன் பேருல சம்பளம் வாங்கறேன். இப்ப அவன் பேருல வந்திருக்கறேன்."

"நீங்க யாரு?"

"அது வேணாம் பாப்பா. மலாயாத் தோட்டத்துல பொறந்தவன். பதினாலு வருசம் அவனோட ஒரே ரூமுல படுத்தவன். அப்பன் எந்த ஊருல இருந்து வந்தான்னு காட்ட என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல. அதனால உங்க கவர்மெண்டுக்கு நானு அன்னியன். பத்திரம் என் பேருல குடுக்க மாட்டாங்க. அங்க பேங்க்ல போட்டா வட்டி பாதிகூடத் தேறாது. ஸ்தனிஸ்தான் சொன்னான், எங்க நாட்டுப் பத்திரம், என் பேருல போடலாம், எங்க அண்ணன் காப்பாத்தி வெப்பாருன்னு. பத்தாயிரத்துல ஏழரை ஆயிரம் என்னது. ரெண்டரை அவன்து. என்கிட்ட சாட்சி இல்ல. இருந்த ஒரு சாட்சியும் தொட்டிக்குள்ள போயிட்டான்."

அவள் ஒன்றொன்றாகக் கோத்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்ததிலிருந்து அவர் கிணற்றில் உடைந்த படி எது என்று சொன்னது, வெட்டிப்போன புளியமரம் நின்ற இடத்தைக் காட்டியது, செத்துப் போன மாட்டின் பெயரைச் சொன்னது. பதினாலு வருஷம் ஒரே அறையில் படுத்தவர்கள். சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்.

ஒன்றைத் தவிர.

"நெலையில குனியறீங்களே. அதையும் அவரு சொன்னாரா?"

 மெழுகுவத்தியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அதை மட்டும் அவன் ஒரு நாளும் சொன்னதில்ல. ஞாயித்துக்கிழம வாசல்ல கால் வெச்சேன். காதுகிட்ட, குனிடா, தலை இடிக்கும்னு கேட்டுச்சு. குனிஞ்சேன். நிமிந்து பாத்தா நெலை எங்கியோ ஒசரத்துல இருக்குது." அவர் குரல் தாழ்ந்தது. "இப்பவும் ஒவ்வொரு தரமும் கேக்குது பாப்பா. அவன் கொரல்தான். புது வூடு கட்டுனது அவனுக்குத் தெரியாது போல."

 அவள் திரும்பி, ஓடாமல், ஆனால் வேகமாக அப்பாவிடம் நடந்தாள்.

அப்பா கல்லறைத் தோட்டத்தின் வாசலில் புங்கமரத்தடியில் நின்றிருந்தார். மகள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"சொல்லிட்டானா?"

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஸ்டேஷன்லியே தெரியும். கட்டிப் புடிச்சப்ப காதுல சொன்னான். நானு உங்க தம்பி இல்லீங்க, அவன் போயிட்டான், இப்ப என்ன விட்டுடாதீங்கன்னு." அப்பா புங்கமரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "ஊரே சுத்தி நின்னுச்சு. நானு விட்டிருந்தா ரெண்டு பேரும் தண்டவாளத்துல விழுந்திருப்போம். அதான் புடிச்சுக்கிட்டே நின்னேன்."

ரசம் மட்டும் விட்டுக்கொண்டு சாப்பிட்ட அப்பா அவள் கண்ணில் வந்தார். "வயிறு சரியில்லன்னு சொன்னது?"

"துக்க வூட்டுல கவிச்சி தொடக்கூடாதில்ல. வேற ஒண்ணும் செய்ய முடியாது. அதையாச்சும் செய்யலாம்னு பாத்தேன்."

"அம்மாவுக்கு?"

"சொன்னா அழுவா. அழுதா ராயம்மாளுக்குக் கேக்கும். அப்புறம் ரேடியோவே வேண்டியதில்ல."

சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"அவரு சொல்றது நெஜம்னு எப்படிப்பா நம்பறது? அவரே சித்தப்பாவ ஏதாச்சும் பண்ணியிருந்தா? பணம் முழுக்கச் சித்தப்பாவோடதா இருந்தா?"

"தெரியல பாப்பா."

"அப்ப நெஜத்தச் சொல்லிடலாம். சித்தப்பா இல்லைன்னு சொல்லிடலாம்."

"சொன்னா பணம் யாருக்கு வரும்?"

அவளுக்குச் சென்னப்பன் சொன்ன நாமினி ஞாபகம் வந்தது.

"எனக்கு. தொண்ணூறாயிரமும் எனக்கு. அவன் வாய மூடிக்கிட்டு மறுபடியும் கப்பல் ஏற வேண்டியதுதான். அவன் யாருன்னு சொன்னாலே ஜெயிலு." அப்பா கல்லறை வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானு பொய் சொன்னா எனக்குக் கொஞ்சந்தான் கெடைக்கும். ஏழரை ஆயிரத்துக்கு உண்டானத அவன் எடுத்துட்டு மிச்சத்தக் குடுக்கறேங்கறான். நெஜத்தச் சொன்னா எல்லாம் எனக்கு. இப்படி ஒரு நெஜத்த எப்படிச் சொல்றது? தம்பி செத்தத வித்துக் காசாக்குன மாதிரி இருக்காதா? மூணு ராத்திரியா இதேதான். ஒரு சமயம் அவன் பொய்யனாத் தெரியறான். ஒரு சமயம் நானே பொய்யனாத் தெரியறேன்."

"கையெழுத்துப் போடப் போறது நானுப்பா."

"தெரியும். போடுன்னு நானு சொல்ல மாட்டேன்."

ராஜமேரி வேலிப் பக்கம் பார்த்தாள். இருபத்தொரு வயதில் முதல்முதலாக அரசாங்கக் காகிதத்தில் போடப்போகும் சாட்சிக் கையெழுத்து. இவர் ஸ்தனிஸ்லாஸ்தான், எனக்குத் தெரியும். போட்டால் வேலியோரம் நிற்கும் பெயரில்லாத மனிதன் தன் பணத்தோடு போவான். ஆனால் அதற்கப்புறம் சித்தப்பா எந்தக் காலத்திலும் சாக முடியாது. கருமாதி கிடையாது, மணி அடிக்க முடியாது, அம்மா அழ முடியாது. எங்கோ சிங்கப்பூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் இருந்துகொண்டே இருப்பார்.

அதையேதான் அப்பாவும் நினைத்திருக்க வேண்டும்.

"காலைல அவன் பேரு வாசிச்சாங்க பாரு," என்றார். "அந்த ஒரு தரம் அவனுக்காக வாய் விட்டு ஜெபம் சொன்னேன். நீ எழுதலைன்னா அதுவும் கெடச்சிருக்காது. அடுத்த வருசம் ஞாபகமா விட்டுடு பாப்பா."

முதுகைத் திருப்பிக்கொண்டு அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவள் பார்க்காதது மாதிரி இருந்தாள்.

வேலியோரம் இப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. வெறும் புல்லில் ஒற்றை மெழுகுவத்தி. அதற்குப் பக்கத்தில் அவர் முழந்தாளில் இருந்தார். காற்று அடித்தது. மற்ற வெளிச்சங்கள் எல்லாம் சாய்ந்தன. சிரட்டை இல்லாத அந்த ஒன்று மட்டும் அசையாமல் நேராக நின்றது. ராஜமேரி கண்ணை மூடித் திறந்தாள். அப்போதும் அது அசையவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், அம்மா ராயம்மாளோடு முன்னால் போய்விட்டாள். பின்னால் அப்பாவும் ராஜமேரியும் அவரும் நடந்தார்கள்.  எதிரில் சைக்கிள் மணி அடித்தது. சென்னப்பன்.

"உங்களத்தான் தேடிக்கிட்டு வர்றேன். ரெண்டாவது சாட்சி கெடச்சாச்சுங்க." ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். "சேலத்துல இருந்து நம்மூருச் சவுரியப்பன் ட்ரங்க் கால் போட்டாரு. ஸ்தனிஸ்லாஸ் வந்திருக்கறது இன்னிக்குத்தான் அவருக்குத் தெரிஞ்சுதாம். காலைல மொத ரயில்ல வர்றாரு. சின்ன வயசுல ரெண்டு பேரும் ஒரே கெணத்துல நாளெல்லாம் கெடப்பீங்களாமே?"

"ஆமாங்க," என்றார் சித்தப்பாவாக நின்றவர்.

"குதிக்கறப்ப ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி உங்க மோவாயி கிழிஞ்சு, அஞ்சு தையல் போட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதே அவருதானாம். தாடிக்குள்ள இன்னும் இருக்குதான்னு மொதல்ல தடவிப் பாத்துட்டுத்தான் கையெழுத்தே போடுவேன்னு போன்ல ஒரே சிரிப்பு." சென்னப்பனும் சிரித்தார். "நல்ல மனுசன். இவர விட நல்ல சாட்சி எங்க கெடைக்கும்?"

அவர் பெடலை மிதித்துக்கொண்டு போனார். சைக்கிள் விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது.

அந்த மனிதரின் கை மெதுவாக உயர்ந்து தாடிக்குள் நுழைந்தது. மோவாயைத் தடவியது. ஒரே இடத்தில் நின்று, எதையோ எண்ணுவது போல விரல் நுனி நகர்ந்து, மறுபடியும் தடவியது.

"தழும்பப் பத்தி அவன் சொல்லவே இல்லீங்களே," என்றார் அப்பாவிடம். அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் அது மாட்டிக்கொண்டவனின் பயமாக ராஜமேரிக்குத் தோன்றவில்லை. கை இன்னும் தாடிக்குள்ளேயே இருந்தது.

"என்னங்க?" என்றார் அப்பா. "என்ன இருக்குது?"

 அந்த மனிதர் கையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் குனிந்து உள்ளே போனார்.

விளக்கு வைத்ததும் ராஜமேரி, சாயங்காலம் கிளம்புவதற்கு முன் பாதியில் நிறுத்திய டைரியை எடுத்தாள். அம்மா அடுப்படியில் சித்தப்பாவுக்குச் சூடாக இன்னும் ஒரு தோசை போடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் மேல் அப்பா உட்கார்ந்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கேட்ட எதையும் அவள் எழுதவில்லை. கையெழுத்துப் போடுவதைப் பற்றியும் எழுதவில்லை. கடைசி வரியை மட்டும் எழுதினாள். எழுதியதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தாள். திருத்த எதுவும் இல்லை.

3-11-88, வியாழக்கிழமை. செய்ய வேண்டியது: முதல் ரயிலுக்கு முன்பே மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். சவுரியப்பன் மாமா சித்தப்பாவைப் பார்ப்பதற்கு முன் நான் அவரைப் பார்த்துப் பேச வேண்டும்.